போனில் என்ன பார்த்தார்?

அன்புள்ள டொக்டர்,

போன கிழமை அம்மாவை கிளினிக்குக் கூட்டிப்போனேன். வயது 68, பல வருஷமாக சீனி வருத்தம். கால் எரிவுக்கு கபபென்டின் குளிசை, 300 மில்லிகிராம், நாளுக்கு மூன்று. அன்று இருந்த இளம் டொக்டர் எடை பார்க்கச் சொன்னார், 38 கிலோ. இரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தார். அப்புறம் போனைக் கையில் எடுத்தவர் நிமிரவே இல்லை. காலில் உள்ள சின்னப் புண்ணையும் அதே போனில் படம் எடுத்தார். குளிசையை இரவில் ஒன்று மட்டும் என்று குறைத்து எழுதி அனுப்பிவிட்டார். "மூஞ்சியக்கூட பாக்கல. மருந்து இல்ல போல, அதான் கொறைச்சிட்டாரு" என்று சொல்லி, வீட்டில் மிச்சமிருந்த பழைய குளிசையை அம்மா மூன்று வேளையும் விழுங்குகிறார். நோயாளியை முன்னால் வைத்துக்கொண்டு டொக்டர் போன் பார்ப்பது சரியா? படம் எடுக்கலாமா? தாளின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு மகள்

அன்புள்ள தங்கச்சி,

முதலில் குளிசை. இன்றிலிருந்தே புதிய துண்டில் எழுதியபடி இரவில் ஒன்று மட்டும் கொடுங்கள். பழையதை அம்மாவின் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். பகலில் தூங்கி விழுகிறாரா, நடக்கும்போது தள்ளாடுகிறாரா என்று பாருங்கள். அப்படியிருந்தால் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். மழைக்கு ஊறிய லயத்து வீட்டுப் படியில் இந்த மயக்கத்தோடு கால் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி அந்தத் தாள். கிறியேட்டினின் 1.1 என்று இருக்கிறது. பக்கத்தில் அச்சிட்ட எல்லைக்குள்தான் வருகிறது, மேலோட்டமாகப் பார்த்தால் குறையொன்றும் இல்லை. ஆனால் கிறியேட்டினின் என்பது தசையில் உண்டாகி, சிறுநீரகம் வழியாக வெளியே போகும் கழிவு. 38 கிலோ உடம்பில் தசை எவ்வளவு இருக்கும்? அவ்வளவு குறைவாக உண்டாகியும் இரத்தத்தில் 1.1 நிற்கிறதென்றால், சிறுநீரகம் சோர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதைக் கணக்குப் பார்க்க கொக்ரொஃப்ட், கோல்ட் என்ற இருவர் 1976இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். 140இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்க வேண்டும். அதை, கிறியேட்டினினை 72ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் எண்களைப் போட்டுப் பார்த்தேன். சிறுநீரகம் சுத்தம் செய்வது நிமிடத்துக்கு 29 மில்லிலீட்டர் இரத்தம்தான். அதே 1.1 உள்ள 30 வயது, 70 கிலோ ஆண் ஒருவருக்கு 97 வரும்.

கபபென்டின் ஈரலில் உடைவதில்லை, சிறுநீரோடுதான் வெளியேறுகிறது. 29இல் இருக்கும் ஒருவருக்கு நாளுக்கு 900 மில்லிகிராம் அதிகம். உடம்பில் தங்கித் தங்கித் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும். அந்த டொக்டரின் போனை நான் பார்க்கவில்லை. ஆனால் எடை கேட்டு, தாளைப் பார்த்து, போனை எடுத்து, சரியாக இந்தக் குளிசையைக் குறைத்தவர் வேறெதைப் பார்த்திருப்பார்? வரிசை கதவுக்கு வெளியே நீளும் கிளினிக்கில் இந்தக் கணக்கைப் போட நேரம் எடுத்திருக்கிறார். நல்ல வைத்தியம் அது.

ஆனால் அம்மாவிடம் போய்ச் சேரவில்லை. அவர் கண்டது குனிந்த தலையும் குறைந்த குளிசையும்தான். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் ஒரு மாதத்து மருந்துக்குப் பதில் இரண்டு கிழமைக்குக் கொடுத்து, மிச்சத்தை வெளியே வாங்கச் சொல்லி நானே ஆட்களை அனுப்பியிருக்கிறேன். அதைக் கண்ட அம்மா வேறென்ன நினைப்பார்? ஒரு வாய் வார்த்தை சொல்லாததால் அந்த டொக்டரின் உழைப்பு வீணாகி, அம்மா ஆபத்தில் நிற்கிறார். எனக்கு இதில் வருத்தம் அதிகம், ஏனென்றால் நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

மஸ்கெலியாப் பக்கம் வேலை செய்தபோது, கொட்டும் மழையில் தேயிலை மலையிலிருந்து நேரே ஒரு அக்கா இருமலோடு வந்தார். விரலில் ஒட்சிசன் பார்க்கும் கருவியை மாட்டினேன். 84. அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். கொழுந்துக் கறை ஏறிய விரல் பனிக்கட்டி போல இருந்தது. அந்தக் கருவி சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே விட்டு, நாடித் துடிப்போடு சேர்த்துக் கணக்கிடுகிறது. குளிரில் இரத்தக்குழாய் சுருங்கினால் துடிப்பு சரியாகப் பிடிபடாது. அன்றைக்குத்தான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இது 95க்கு மேல இருக்கணும், உங்க கை குளிர்ந்து கெடக்கு, அதான் மெஷினுக்குத் தெரியல" என்றேன். சூடான பிளேன்டீ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்ப மாட்டினோம். 91, 94, 96 என்று அவரே வாசித்தார். அடுத்த முறை வந்தபோது உட்காருவதற்கு முன்பே கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த டொக்டருக்குத் தமிழ் எவ்வளவு வரும் என்று நீங்கள் எழுதவில்லை. கொஞ்சம்தான் வரும் என்றாலும் திரையைத் திருப்பி 29ஐயும் 97ஐயும் காட்டியிருக்கலாம். எண் எல்லோருக்கும் தெரியும்.

படம் எடுப்பது தவறில்லை, கேட்டுவிட்டு எடுத்தால். புண் ஆறுகிறதா என்று அடுத்த முறை ஒப்பிட உதவும். டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ இருக்கும் சத்திரசிகிச்சை நிபுணருக்கு அனுப்பிக் கேட்டால், ஒரு நாள் சம்பளப் பேரை விட்டுவிட்டு நீங்கள் பஸ் ஏறவேண்டி வராது. முகமும் பெயரும் படத்தில் இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் சொந்தப் போனிலிருந்து அழித்துவிட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட கவனத்துக்குரிய வகையில்தான் வைத்திருக்கிறது. யாருக்கு அனுப்பினீர்கள் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

அடுத்த கிளினிக்குக்கு வீட்டிலுள்ள எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அம்மா மூன்று வேளையும் விழுங்கியதை மறைக்காமல் சொல்லுங்கள். "போன்ல என்ன பாத்தீங்க டொக்டர், அம்மாவுக்கும் காட்டுங்க" என்று தன்மையாகக் கேளுங்கள், காட்டுவார். அந்த 29ஐ கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கணினி உள்ள ஆஸ்பத்திரியிலும் கொப்பியை விட்டுவிடாதீர்கள். நம் ஆட்களின் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். லெட்சுமி என்று தேடினால் ஒரே அம்மா மூன்று பேராக வருவதை நான் பார்த்திருக்கிறேன், மூன்றிலும் அவரின் வைத்தியக் குறிப்பு ஒவ்வொரு துண்டாகத்தான் இருந்தது.