ரஷ்யன் எண்கள்: 5 வந்ததும் ஏன் எல்லாம் மாறுகிறது?

கேள்வி: ரஷ்யன் படித்துக்கொண்டிருக்கிறேன். 1 என்றால் ‘ரூபிள்’, 2 என்றால் ‘ருப்லியா’, 5 என்றால் ‘ருப்லேய்’, 21 வந்தால் மறுபடி ‘ரூபிள்’. 40 மட்டும் எதோடும் ஒட்டாமல் ‘சோரக்’ என்று நிற்கிறது. மனப்பாடம் பண்ணுவதைத் தவிர வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. பழைய ஸ்லாவிய மொழியில் 1 முதல் 4 வரை பெயரடைகள், 5 முதல் 10 வரை பெயர்ச்சொற்கள். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ‘பியாத்’ (5) ஒரு பெயர்ச்சொல் என்பதால் அடுத்து வருவது ‘ரூபிள்களின்’ என்று ஆறாம் வேற்றுமைப் பன்மையில் நிற்க வேண்டும், அதுதான் ருப்லேய்.

2-இன் கதை வேறு. அன்றைக்கு ஒருமை, பன்மை போக இருமை என்று தனியாக ஒன்று இருந்தது (சமஸ்கிருதம் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்; ஸ்லொவேனியனில் இன்னும் இருக்கிறது). ரஷ்யனில் அது வழக்கொழிந்தபோது, ஆண்பால் சொற்களில் பார்க்க ஆறாம் வேற்றுமை ஒருமை மாதிரியே இருந்ததால் அப்படியே ஒட்டிக்கொண்டது, அப்புறம் 3-க்கும் 4-க்கும் பரவியது. தடம் இன்னும் அழியவில்லை: ‘ஒரு மணி வாக்கில்’ என்னும்போது ‘சாஸா’வில் (‘மணி’ என்ற சொல்) அழுத்தம் முதல் அசையில், ‘இரண்டு மணி’ என்னும்போது அதே சொல்லில் கடைசி அசையில்!

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அதே 5-ஆம் எல்லை எண்களின் உள்ளேயும் ஓடுகிறது. 20, 30 இரண்டிலும் ‘பத்து’ என்ற சொல் ‘த்சத்’ என்று தேய்ந்து முடிய, 50-இல் முழு ‘தெசியாத்’ ஏன் வருகிறது? அது ‘பத்துகளின் ஐந்து’, அதாவது ஆறாம் வேற்றுமைப் பன்மை. நூறுகளிலும் அப்படியே: 200 ‘த்வேஸ்தி’, 300 ‘த்ரீஸ்தா’, 500 ‘பித்சோத்’ (‘நூறுகளின் ஐந்து’).

11 ‘அதீனத்சத்’ என்பது ‘பத்தின் மேல் ஒன்று’. கடைசியில் நிற்பது பத்து, ஆகவே 11 முதல் 14 வரை ருப்லேய். 21-இல் கடைசிச் சொல் ஒன்று, ஆகவே ரூபிள். எண்ணின் கடைசிச் சொல்லைப் பார்த்தால் போதும்.

சரி, சோரக். இது கிழக்கு ஸ்லாவியச் சரக்கு. போலிஷிலும் பல்கேரியனிலும் ஒழுங்காக ‘நான்கு பத்து’தான். சேபிள் எனும் விலங்கின் ரோமத்தோலை நாற்பது நாற்பதாகக் கட்டி விற்றார்கள், அந்தக் கட்டின் பெயரே எண்ணாகிவிட்டது என்பது பரவலான கருத்து. கிரேக்கத்திலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. 90-க்கான ‘தெவ்யனோஸ்தா’ பற்றி அறிஞர்களின் சண்டையே ஓயவில்லை, அதை மனப்பாடமே பண்ணிவிடுங்கள். ஒரு சலுகை உண்டு: 40, 90, 100 மூன்றும் முதல், இரண்டாம் வேற்றுமைகளில் மாறாது; மற்ற எந்த வேற்றுமை ஏறினாலும் இறுதியில் ஓர் ‘அ’ மட்டும்தான் வரும்.