ஒரே கம்பெனிக்குத் திரும்பத் திரும்ப டெண்டர்: பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பொதுத் தகவலை வைத்து வரைந்து பார்க்க முடியுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். முடியும். புள்ளிக் கோலம் மாதிரிதான்: ஆட்களும் கம்பெனிகளும் புள்ளி, இயக்குநர் பதவி, நன்கொடை, ஒப்பந்தம் எல்லாம் கோடு.

புள்ளிகள் எங்கே கிடைக்கும்? இயக்குநர் பெயர்கள் கம்பெனிப் பதிவு ஆணையத்தில். எம்.பி.க்களின் பங்கு, பரிசு விவரங்களை நாடாளுமன்றமே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்சி நிதிச் சட்டம், ஒருவர் ஆண்டுக்கு 1,00,000 ராண்டுக்கு மேல் கொடுத்தால் கட்சி அதைச் சொல்லியாக வேண்டும் என்றது; 2025இல் அந்த வரம்பு 2,00,000 ராண்டாக உயர்ந்தது. தேர்தல் ஆணையம் அந்தப் பட்டியலை வெளியிடும். டெண்டர் விவரம் அரசின் இ-டெண்டர் தளத்தில். அரசு நிர்வாகத்தைத் தனியார் வளைத்துப் போட்டதை விசாரித்த ஸோண்டோ ஆணையத்தின் அறிக்கை 2022இல் வந்தது, அதையும் புரட்டுங்கள். அதில் சிக்கிய தொழிலதிபர்கள் குப்தா சகோதரர்களின் வலை எப்படிப் பின்னப்பட்டது என்று தெரியும்.

சிக்கல் பெயரில்தான். டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் 'கோவெண்டர்' என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். நாயுடு, பிள்ளையும் அப்படியே. எனவே பெயரை மட்டும் நம்பிக் கோடு போடாதீர்கள். கம்பெனியைப் பதிவு எண்ணால் பொருத்துங்கள், ஆளுக்கு இன்னொரு ஆதாரமாவது தேடுங்கள். நான் முதலில் வரைந்த படத்தில் 'பிள்ளை' என்ற பெயருள்ள இருவரை ஒருவராக்கி வைத்திருந்தேன், நல்லவேளை யாரிடமும் காட்டவில்லை.

சரி, வரைவதற்கு? எக்செல்லில் மூன்று நெடுவரிசை போதும்: யார், யாருடன், எந்த ஆவணப்படி. அப்புறம் கெஃபி என்ற இலவச மென்பொருளில் ஏற்றுங்கள். கோடு இருப்பதாலேயே ஊழல் என்று ஆகாது. அடுத்து யாரிடம் என்ன கேட்பது என்பதற்குத்தான் அது.