ஏழரை மில்லி ரத்தத்தில் ஒரு தேடல்

கேள்வி: ரத்தத்தில் ஓடும் புற்றுநோய் செல்லை மெஷினே படம் எடுத்துக் கண்டுபிடித்துவிடுமாமே? எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இருந்தாலும் ஒருமுறை பார்த்து வைக்கலாமா?

பதில்: மெஷின் இருப்பது நிஜம். உங்களுக்கு அது வேண்டாம்.

கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் கலந்த செல்களை ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர் 1869-லேயே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார், அதுவும் இறந்துபோன ஒரு நோயாளியின் ரத்தத்தில். தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு. ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணு மட்டுமே சுமார் 500 கோடி, வெள்ளையணு பல லட்சம், அதற்குள் இது ஒன்றோ இரண்டோ இருக்கும், பல நேரம் அதுவும் இருக்காது.

2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செல்சர்ச் கருவி 7.5 மில்லி ரத்தத்தை எடுத்துக்கொள்கிறது. எப்கேம் என்ற புரதம் உள்ள செல்லில் போய் ஒட்டும் இரும்புத் துகள்களைக் கலந்து, காந்தத்தால் இழுத்து, அப்புறம் ஒளிரும் சாயம் ஏற்றுகிறார்கள். செல்லின் கரு ஒளிர வேண்டும், சைட்டோகெராட்டின் என்ற, கட்டிச் செல்லில் இருக்கும் புரதம் ஒளிர வேண்டும், வெள்ளையணுவின் அடையாளமான சிடி45 மட்டும் ஒளிரவே கூடாது. மெஷின் படமாக எடுத்துத் தள்ளி, சந்தேகப்பட்டதையெல்லாம் கட்டம் கட்டமாகத் திரையில் அடுக்கும். அதில் எது செல், எது வெறும் சாயத் துணுக்கு, எது சிதைந்துபோன குப்பை என்று பார்த்து டிக் அடிப்பது, பயிற்சி பெற்ற ஆள்தான்.

இந்த எண்ணிக்கை, நோய் ஏற்கெனவே பரவியவர்களுக்கானது. மார்பகப் புற்றுநோயில் அந்த 7.5 மில்லியில் 5 செல் அல்லது அதற்கு மேல் வந்தால் நிலைமை கடினம் என்று பொருள். ஆரம்பக் கட்டத்தில் கட்டி இருந்தும் பூஜ்யம் வரலாம். எப்கேமை இழந்துவிட்ட செல் காந்தத்துக்குச் சிக்கவே சிக்காது. அந்தப் பூஜ்யத்தை நம்பி நீங்கள் மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரேயை) தள்ளிப்போட்டால் என்ன ஆவது?

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்கும் இதே மெஷின்தானா?

பதில்: இல்லை, அங்கே செல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை, பெரும்பாலும் ரத்தமே காட்டிக்கொடுக்கும். ஒரு சொட்டைக் கண்ணாடியில் தீற்றிச் சாயம் போட்டால், சுவீடனின் செல்லாவிஷன் போன்ற கருவிகள் வெள்ளையணுக்களைப் படம் பிடித்து வகை பிரித்து வைக்கும், லேப்காரர் சரிபார்ப்பார். முதிராத செல் தென்பட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை வரை போகும். உங்கள் ரிப்போர்ட்டில் 'பிளாஸ்ட்' (அந்த முதிராத செல்லின் பெயர்) என்ற சொல் இருந்தால் கூகுளில் தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.