25 வயதில் சட்டம் படிப்பதா?

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் "மகனுக்கு 25 முடிந்துவிட்டது" என்ற வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். பொறியியல் பட்டம், இரண்டு ஆண்டு வேலை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சட்டம் படிக்கிறேன் என்கிறான். படித்ததெல்லாம் பாழ் என்பது உங்கள் வருத்தம்.

பாழாய்ப்போன பட்டம் என்றால் எனக்குச் சீனக் கம்யூனிஸ்ட் தலைவர் டோங் பிவுதான் நினைவுக்கு வருவார். சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் 1886இல் பிறந்தவர். 1903இல், அரசுப் பதவிக்கு ஆள் எடுத்த பேரரசுத் தேர்வின் முதல் படியில் தேறினார். வயது 17, ஊரே மெச்சியிருக்கும். 1905இல் அந்தத் தேர்வு முறையையே அரசு ஒழித்துவிட்டது. காலை வைத்த ஏணியை உருவிக்கொண்டார்கள். மனிதர் உட்கார்ந்து அழவில்லை. வூசாங்கில் புதுமுறைப் பள்ளியில் மறுபடி மாணவரானார். மன்னராட்சியைக் கவிழ்த்த 1911 புரட்சியில் இறங்கினார். சட்டம் படிக்க டோக்கியோவுக்குக் கப்பலேறியது 1914இல், கிட்டத்தட்ட 28 வயதில். அதையும் ஒரே மூச்சில் முடிக்கவில்லை. நடுவே, தானே பேரரசராகப் பார்த்த அதிபர் யுவான் ஷிகாயை எதிர்க்க ஊர் திரும்பிச் சிறைக்குப் போய்விட்டு, அப்புறம்தான் முடித்தார்.

வூஹானில் வக்கீல் தொழில், பள்ளி ஆசிரியர் வேலை, 1921இல் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு, 1945இல் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்து என்று வாழ்க்கை ஓடியது. உச்ச மக்கள் நீதிமன்றத்தின் தலைவரானது 1954இல், 68 வயதில். 1956 கட்சி மாநாட்டில், சட்டம் இருக்க வேண்டும், இருக்கிற சட்டப்படி நடக்கவும் வேண்டும் என்று சொந்தக் கட்சியிடமே வாதாடினார். எனக்கு அவரிடம் பிடித்த இடம் அது. மூன்றே ஆண்டில் நீதி அமைச்சகத்தையே மூடிவிட்டார்கள் என்பது வேறு கதை.

செத்துப்போன அந்தத் தேர்வுக்காகப் பழகிய மரபுச் செய்யுளை அவர் முதுமையிலும் எழுதிக்கொண்டிருந்தார். உங்கள் மகனின் பொறியியலுக்கு அதைவிட நல்ல சந்தை உண்டு. கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) வாங்கித் தருபவர் காப்புரிமை முகவர்; நம் நாட்டில் அந்தத் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கட்டாயம். சட்டப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் அதில் உட்கார முடியாது.

பணக் கணக்கையும் மறைக்க மாட்டேன். படிப்பு மூன்று ஆண்டு. பிறகு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கும்போது கிடைப்பது பஸ் செலவுக்கே சரியாகப் போகலாம். அதைத் தாங்க வீட்டில் வழி இருக்கிறதா என்று அம்மாவையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் லீவு போட்டு மாவட்ட நீதிமன்றத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள். வாய்தா மேல் வாய்தா விழுவதைப் பார்த்த பிறகும் சட்டம்தான் என்றால், சனிக்கிழமை அவனையே என்னிடம் அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம்.