தூங்குகிறவர்களை எழுப்பாத மிஷின்

கேள்வி: அக்கா, துண்டுத் துணிகளை இணைத்து, குயில்ட் என்கிற பஞ்சு வைத்த போர்வை தைப்பதை இரண்டு வருடமாகக் கையாலேயே செய்துவருகிறேன். விரல் வலி வந்துவிட்டதால் மிஷின் வாங்க நினைக்கிறேன். குழந்தை தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம் கிடைக்கும், அதனால் சத்தம் அடுத்த அறைக்குப் போகக் கூடாது. நூறு வகைத் தையல் போடும் கம்ப்யூட்டர் மிஷினைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அந்த நூறு வகைத் தையலும் உங்களுக்கு வேண்டாம். குயில்ட்டுக்குத் தேவை நல்ல நேர்த்தையல். துணியில் பூ, இலை வெட்டி மேலே ஒட்டித் தைக்கும் ஆசை வந்தால் கூடவே ஒரு ஜிக்ஜாக். சிங்கர் கம்பெனி 1933-ல் 221 என்றொரு குட்டி மிஷினைக் கொண்டுவந்தது. ஃபெதர்வெயிட் என்று பெயர், எடை சுமார் 5 கிலோ. அதற்கு நேர்த்தையல் மட்டும்தான் தெரியும். தயாரிப்பு நின்று எத்தனையோ வருடம் ஆகியும், குயில்ட் தைப்பவர்கள் இன்றும் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள் என்றால், தையல் சீராக விழுவதும் மிஷின் அமைதியாக ஓடுவதும்தான் காரணம்.

சத்தத்துக்கு வருகிறேன். ஊசி கீழே கொண்டுவரும் நூலைப் பிடித்து, அடிநூல் சுற்றிய பாபினைச் சுற்றி எடுத்துப்போகும் கொக்கி ஒன்று உண்டு. சில மிஷின்களில் அது பாதி தூரம் போய், நின்று, திரும்பி வரும். ஒவ்வொரு தையலுக்கும் இப்படிப் போய்த் திரும்புவதால்தான் அந்த 'டக் டக்'. வேறு சிலவற்றில் கொக்கி ஒரே திசையில் முழுதாகச் சுற்றும், ஒரு தையலுக்கு இரண்டு சுற்று. திரும்புகிற அதிர்ச்சி இல்லாததால் சத்தம் மெல்லிய ரீங்காரமாக அடங்கிவிடும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, ஆலன் வில்சன் என்பவர் 1851-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

பாபினை மேலிருந்து படுக்கைவசமாகப் போடும் மிஷின் என்றாலே முழுச்சுற்று என்று சொல்வார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். பழைய சிங்கர் 66-ல் பாபின் படுத்துத்தான் இருக்கும், ஆனால் கொக்கி போய்த் திரும்பும் வகை. ஊசித் தட்டைக் கழற்றச் சொல்லி, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கொக்கி பின்னால் திரும்புகிறதா, ஒரே பக்கம் ஓடுகிறதா என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் நெம்புகோல் இருந்தால் இன்னும் நல்லது. இரவில் அதைப் பாதியில் நிறுத்தி வைத்தால், பெடலை எவ்வளவு அழுத்தினாலும் மிஷின் பறக்காது.

இனி மேஜை. அம்மா படுக்கையில் இருந்த வருடம், அவர் கண்ணயர்ந்த பிறகுதான் நான் தைக்க உட்காருவேன். கடகடவென்று சத்தம். மிஷினைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தைத்துக்கொண்டே இடது கையை மேஜை டிராயர்மேல் வைத்தேன், சத்தம் சட்டென்று பாதியாகக் குறைந்தது. உள்ளே தகர டப்பா நிறைய பாபின், பக்கத்தில் கத்தரிக்கோல். மிஷின் ஓட ஓட இரண்டும் ஆடிக்கொண்டிருந்திருக்கின்றன. டப்பாவை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன், மிஷினுக்குக் கீழே தடிமனான ரப்பர் விரிப்பு போட்டேன், மேஜையைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினேன். அன்றிரவு அம்மா புரண்டுகூடப் படுக்கவில்லை. அதனால், எவ்வளவு அமைதியான மிஷின் வாங்கினாலும் மெல்லிய பலகை மேஜையில் வைத்துவிடாதீர்கள், அது மத்தளம் மாதிரி அதிரும்.

வாங்கப் போகும்போது மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் அடுக்கி ஒரு முழம் எடுத்துப் போங்கள். கடையில் தைத்துக் காட்டும் ஒற்றைத் துணியில் எந்த மிஷினும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் அடுக்கை வைத்து, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதம் அதை ஏற்கும் அளவுக்கு உயர்கிறதா, மூட்டுகள் சந்திக்கும் தடித்த இடத்தில் ஊசி திணறாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே உள்ள இடம் முக்கியம். போர்வையைச் சுருட்டி அதற்குள்தானே நுழைக்க வேண்டும்! சாதாரண மிஷின்களில் 6, 7 அங்குலம் இருக்கும். குழந்தைப் போர்வைக்கு அது போதும். இரட்டைக் கட்டில் அளவுக்குத் தைப்பதானால் 9 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். வளைந்து வளைந்து தைக்க ஆசையிருந்தால் துணியைத் தள்ளும் பல்லைக் கீழே இறக்க வழி இருக்க வேண்டும். அந்த மிஷினுக்குப் பொருந்தும் வாக்கிங் ஃபுட்டும் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் பாதம்), ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் விட்டுத் தைக்க உதவும் பாதமும் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நேராகத்தான் தைக்கிறேன். திருப்பிப் பார்த்தால் அடித்துணி சுருங்கி மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மிஷினில் கோளாறா?

பதில்: மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. கீழே இருக்கும் பல் அடித்துணியை மட்டும் தள்ளுகிறது, மேல்துணி பாதத்தில் உரசி மெதுவாக வருகிறது. வாக்கிங் ஃபுட்டில் மேலேயும் பல் உண்டு, அடுக்கு மொத்தமும் சேர்ந்து நகரும். தைக்கும் முன் அடித்துணியை இழுத்து விரித்து ஓரங்களில் டேப் ஒட்டி, அதன்மேல் மற்ற இரண்டையும் பரப்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்கள். நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள். தையல் நீளம் 3 மில்லிமீட்டர், ஊசி 90 நம்பர். ஊசியைப் புதிதாக மாற்றிவிட்டுத் தையுங்கள், மழுங்கிய ஊசி ஒவ்வொரு குத்துக்கும் 'பொட்' என்று சத்தமும் போடும்.

கேள்வி: பாட்டியின் மிதி மிஷின் சும்மா கிடக்கிறது. அதில் குயில்ட் தைக்கலாமா?

பதில்: தாராளமாக. மோட்டாரே இல்லாததால் அந்தச் சத்தமும் இல்லை. தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். பாபின் உட்காரும் ஷட்டிலைக் கழற்றி, இடுக்கில் சேர்ந்திருக்கும் பஞ்சைத் தூரிகையால் எடுத்துவிட்டு, மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், பிசினாக இறுகிவிடும். பிறகு வேண்டாத துணியில் இரண்டு முழம் ஓட்டுங்கள், வழியும் எண்ணெயை அது குடித்துவிடும்.