விதவை எழுதிக் கொடுத்த கிரயம்: ஆங்கிலேயர் காலப் பெண் சொத்துரிமை – கேள்வி பதில்

கேள்வி: 1956க்கு முன் இந்துப் பெண்ணுக்குச் சொத்தே கிடையாதாமே?

பதில்: தவறு. கணவன் பங்காளிகளோடு கூட்டாக இருந்து இறந்தால் கூட்டுச் சொத்தில் விதவைக்கு ஜீவனாம்சம்தான். பாகம் பிரிந்தவன் ஆண் வாரிசில்லாமல் இறந்தால் நிலமும் வீடும் அவளுக்கே வரும். குத்தகைக்கு விடலாம், வழக்காடலாம், விளைச்சலுக்கு எவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். விற்பதில்தான் கட்டு. கணவன் பட்ட கடன், மகள் கல்யாணம், கருமாதி, சர்க்கார் கிஸ்தி போன்ற அவசியம் இருந்தால் கிரயம் செல்லும். அதை நிரூபிக்கும் சுமை வாங்கியவன் தலையில். பிறகு எவன் துணிந்து வாங்குவான்?

இதை ‘ஆயுட்கால உரிமை’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஆயுட்கால உரிமை என்றால் உயிருள்ளவரை அனுபவிப்பது மட்டும்; இங்கே இருக்கும்வரை அவள்தான் உரிமையாளர்.

கேள்வி: அதற்கு ஆதாரம்?

பதில்: சிவகங்கை. 1829இல் ஜமீன்தார் கௌரி வல்லபர் ஆண் வாரிசின்றி இறந்தார்; சகோதரர் வழியினர் ஜமீனைக் கைப்பற்றினார்கள். வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஜமீன் அவர் தாமே பெற்ற சொத்து, எனவே சகோதரர் வழிக்குப் போகாது என்று 1863இல் தீர்ப்பு. மகள் காத்தம நாச்சியார் வென்றார். விதவைக்கு எதிராக முறையாகக் கிடைத்த தீர்ப்பு அவளுக்குப் பின் வரும் வாரிசையும் கட்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. வெறும் ஆயுட்கால உரிமைக்காரி தோற்றால் அடுத்தவனை ஏன் கட்ட வேண்டும்?

கேள்வி: பின்வாரிசே இல்லாவிட்டால் அவள் இஷ்டம்போல் விற்கலாமா?

பதில்: முடியாது. 1861, மசூலிப்பட்டினம் கலெக்டர் வழக்கு. வாரிசு இல்லாத இடத்தில் கிரயத்தை எதிர்க்கச் சர்க்காரே வந்து நின்றது.

கேள்வி: என் பாட்டி 1948இல் எழுதிய பத்திரம் செல்லுமா?

பதில்: வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: 1856 மறுமணச் சட்டம் விதவைக்கு விடுதலை தந்ததல்லவா?

பதில்: தாலி தந்தது, நிலத்தைப் பறித்தது. மறுமணம் செய்தால் முதல் கணவன் சொத்தைப் பொறுத்தவரை அவள் இறந்தவளுக்குச் சமம் என்றது அதன் 2ஆம் பிரிவு. அறுத்துக்கட்டும் வழக்கமுள்ள, அதாவது மறுமணத்தை முன்பே ஏற்ற, சாதிகளுக்கு இந்தச் சட்டமே தேவைப்படவில்லை. இருந்தும் 1877இல் ஒரு மறவர் பெண்ணின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் முதல் கணவன் சொத்து இல்லை என்றது.

கேள்வி: அதற்குச் சொன்ன காரணம் இந்து தர்மத்தின் காரணம். சட்டத்தைக் குறை சொல்வானேன்?

பதில்: நல்ல அடி. மனைவி என்பவள் கணவனின் எஞ்சிய பாதி, இன்னொருவனுக்கு மனைவியான பின் அந்தப் பாதி ஏது என்பதுதான் அங்கே சொன்ன நியாயம். ஆனால் அறுத்துக்கட்டும் வீட்டுக்குள் அந்தச் சாஸ்திரத்தைக் கொண்டுவந்தது யார்? மறுமண வழக்கமுள்ள சாதியில் சொத்துப் போகாது என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம். ஒரே நாடு, ஒரே சட்டம்!

கேள்வி: அப்படியானால் சாஸ்திரம்தான் குற்றவாளி?

பதில்: மறுபடியும் அதையே கேட்கிறீர்கள். சாஸ்திரமும், அதைக் கொண்டுவந்த நீதிமன்றமும்தான்.

கேள்வி: யாழ்ப்பாணத்துச் சீதனம்?

பதில்: அது தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் தனிச் சட்டம்; தனிக் கடல். அதைக் கற்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 1937 இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் தந்த ஆயுட்கால உரிமை...

பதில்: அந்தச் சொல் வேண்டாம் என்றேனே! விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கு வந்தது. விற்பதில் பழைய கட்டேதான். விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் ஃபெடரல் நீதிமன்றம் சொல்ல, சென்னை மாகாணம் 1947இல்தான் நிலத்தையும் சேர்த்தது. கட்டு அவிழ்ந்தது 1956இல், இந்து வாரிசுரிமைச் சட்டம் 14ஆம் பிரிவில்.