எண்ணூர் ரோட்ல மட்டுமே சைக்கிள் ஓட்டினவங்க எட்னா எரிமலை ரோட்ல ஏற முடியுமா?

திருவொத்தியூர், எண்ணூர்னு ஃப்ளாட் ரோட்லயே ஓட்டுறேன், இத்தாலி போய் எட்னா ஏற முடியுமானு கேட்டிருக்கீங்க. தாராளமா முடியும், ஆனா ஏத்தம்னா என்னனு உடம்புக்கு முதல்ல தெரியணும். எட்னாவோட தெக்குச் சரிவுல இருக்கிற நிக்கொலோசி ஊர்லேர்ந்து மேல ரிஃபூஜியோ சபியென்சாங்கிற மலை விடுதி வரைக்கும் சுமார் 18 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்துல போய் முடியும், நடுவுல மிதிக்காமலே சைக்கிள் தானா உருண்டு போற இடம் ரொம்ப கம்மி. நம்ம பக்கம் கடல் எதிர்காத்துல ஓட்டினா தொடை பழகும்தான், ஆனா அது பாதி வேலை, ஏலகிரி போய் அந்த 14 கொண்டை ஊசி வளைவையும் நிக்காம ஏறிப் பழகுங்க. பின் சக்கரத்துல கேசட், அதாவது கியர் பல்சக்கர அடுக்கு, அதுல பெருசு 34 பல் இருக்கிற மாதிரி போட்டுக்கோங்க, மிதிக்க லேசா இருக்கும், முட்டி தப்பிக்கும்.

எனக்கு இறக்கம்தான் பயம். எரிமலைச் சாம்பல் கறுப்பு மணல் மாதிரி ரோட்ல கிடக்கும், அது மேல பிரேக் புடிச்சா டயர் வழுக்கிடும், அதனால வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடணும். 2023 ஆகஸ்ட்ல சாம்பல் கொட்டினப்போ கீழ இருக்கிற கட்டானியா சிட்டியில 48 மணி நேரம் பைக், சைக்கிள் ரெண்டுக்குமே தடை போட்டாங்க.

முதல் நாளே மேல ஏறாதீங்க. வடக்குப் பக்கம் அல்கான்தாரா ஆத்துப் பள்ளத்தாக்குல ஓட்டுங்க, எரிமலைக் குழம்பு ஆறி தூண் தூணா நிக்கிற பாறைங்களுக்கு நடுவுல ஆறு ஓடும், அவ்ளோ அழகு!